மேனேஜருக்குக் கருணை மார்க்

வாத்தியார் முப்பத்தொரு வருடம் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்தி ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வாங்கிய தாளைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். அடித்துவிட்ட ஒரு படிக்கு அரை, நேரான கோட்டுக்கு அரை என்று தேடிப்பிடித்து முப்பத்தைந்தாக்கிவிட்டுத்தான் அடுத்த தாளைத் தொடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் மிருக வைத்தியர் மதிப்பெண் போடும் வேலையைக் கொடுத்தார்.

மதிப்பெண் மேனேஜருக்கு. மேனேஜர் என்பது வாத்தியார் வீட்டு நாய், வயது பதினாலு. யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று மேற்பார்வை பார்த்ததால் வந்த பெயர். இப்போது அது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. வயிறு பானையாகி, முதுகில் முடி கொட்டியது. கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய் நின்றது. ஒரு நாள் வாத்தியாரின் மனைவியையே யாரோ என்று குரைத்தது.

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஞாபகமும் மங்குது," என்றார் டாக்டரம்மா. "ரெண்டுக்கும் இந்த ஒரே மாத்திரைதான், தினமும் காலையில. தண்ணி, தூக்கம், கதவு, ஆள் அடையாளம், நாலுக்கும் பத்துக்கு இவ்வளவுன்னு இந்தத் தாள்ல போட்டு வாங்க. ஒரு மாசத்துல முன்னேற்றம் இல்லைன்னா உக்காந்து பேசுவோம்."

என்ன பேசுவோம் என்று வாத்தியார் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே.

முதல் நாள் மேனேஜர் கீலைப் பார்த்துக் கால் மணி நேரம் நின்றது. முயற்சி இருக்கிறதே என்று நான்கு போட்டார். பத்தாம் நாள் அவருடைய செருப்பை நனைத்தது. வீட்டில் அத்தனை செருப்பு இருக்க, தன்னுடையதைக் கண்டுபிடித்ததற்கு ஆள் அடையாளத்தில் ஆறு.

"என்னங்க, கதவுக்கு எட்டா? அது காலையிலேர்ந்து சுவத்தோட பேசிட்டிருக்கு," என்றார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி.

"சுவர்லதானேம்மா கதவு இருக்கு."

மாதக் கடைசியில் மேனேஜர் முதல் வகுப்பில் தேறியிருந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்து மலர்ந்துபோனார். "பரவாயில்லையே. அப்போ இதே அளவு போதும். சரிவரலைன்னா கூட்டலாம்னு இருந்தேன்."

"எதைக் கூட்டலாம்னு?"

"மாத்திரையோட அளவைத்தான்."

வாத்தியார் மேனேஜரைப் பார்த்தார். அது எடை பார்க்கும் இயந்திரத்துக்கு வாலாட்டிக்கொண்டிருந்தது. மனைவி வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, அதுல கொஞ்சம் கருணை மார்க் இருக்கு."

"எவ்வளவு சார்?"

"பெரும்பாலும் கருணைதான்." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஃபெயிலானா ஊசி போட்டுத் தூங்க வெச்சுடுவீங்களோன்னு..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பேச்சுக்கே இன்னும் நேரம் வரல சார்," என்று சிவப்புப் பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

வாத்தியார் வாழ்நாளில் முதல்முறையாக மார்க்கைக் குறைத்தார். கதவு, ஒன்று. தூக்கம், இரண்டு. தண்ணீர், பூஜ்யம். ஆள் அடையாளத்தில் பேனா நின்றது.

"என்னை அதுக்குத் தெரியும்," என்றார் மெல்ல.

"உங்களைத் தெரியும். என்னைத் தெரியல. அஞ்சு போடுங்க," என்றார் மனைவி.

டாக்டரம்மா கூட்டிய அளவை எழுதினார். உண்ணி மருந்து எதையும் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது, இந்த மாத்திரையோடு சில சேராது என்றும் சொல்லி அனுப்பினார்.

வெளியே பூனைக் கூடையோடு காத்திருந்த ஒருவர் விசாரித்தார். "நாய்க்கு எப்படிங்க இருக்கு?"

"ஃபெயில்," என்றார் வாத்தியார், மனசு லேசாகி. "மாத்திரையைக் கூட்டியிருக்காங்க."