ஐந்தாம் கோப்பையில் நனைந்த அட்டை

ஸ்டவுட் என்கிற கறுத்த பீரை மோந்து பார்க்க ஒரு முறை இருக்கிறது. கோப்பையில் நான்கு விரல் உயரத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊற்றியதும் மூடியைப் போட்டு, ஒரு சுழற்று சுழற்றி, மூடியைக் கொஞ்சமாக விலக்கிக் குட்டிக் குட்டியாக மூன்று தடவை மோந்து பார்க்க வேண்டும். ஆசைப்பட்டு ஒரேயடியாக இழுத்தால் மூக்கு களைத்து, 'போதும் போ' என்று படுத்துவிடும். படுத்த மூக்கை எழுப்பவும் வழி உண்டு. சொந்தச் சட்டைக் கையை மோந்து பார்த்தால் போதும். அவரவர் வாசனை அவரவருக்குத் தெரியாது என்பதால், மூக்குக்கு அது வெறும் வெள்ளைச் சுவர். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் களைப்பு தீரும்.

மூக்கரசி பதினோரு வருஷம் இதைத்தான் செய்தாள், பீர் காய்ச்சும் ஆலையின் சுவை அறையில். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். பிறகு ஒரு காய்ச்சல் வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு போனது. ஆலைக்காரர்கள் அவளை லேபிள் பிரிவுக்கு மாற்றினார்கள். பாட்டிலில் ஒட்டிய காகிதம் கோணலா நேரா என்று பார்ப்பது வேலை. அதற்கு மூக்கு வேண்டாம்.

இன்று அவள் மறுபடியும் ஒரு கோப்பையின் முன் உட்கார்ந்திருந்தாள், ஒரு பீர் போட்டிக்கு மார்க் போடும் நடுவராக. மாடிக் கூடம், நீள மேசைகள், வெள்ளைத் தாள் விரிப்பு, ஆளுக்கொரு பென்சில், அழிப்பான், ஒரு கூஜா தண்ணீர், உப்பு சர்க்கரை எதுவும் சேராத ரொட்டித் துண்டுகள். வெளியே விடியற்காலையிலிருந்து மழை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் பூத்துப்போய், கூடம் முழுக்க பாலுக்குள் இருப்பது போல ஒரு வெளிச்சம். அவள் மேசைக்கு வந்தது பலகார வகை. கேக், புட்டிங், பிஸ்கட் சுவைகளோடு காய்ச்சிய ஸ்டவுட்டுகள் ஆறு. யார் காய்ச்சியது என்று யாருக்கும் தெரியாது. கோப்பையில் எண், சீட்டில் பலகாரத்தின் பெயர், அவ்வளவுதான்.

மேசைக்குத் தலைமை அவளுடைய நாத்தனார். ஆலையில் சுவை அறைக்கும் அவளே தலைமை. வீட்டில் "ஏய்" என்று கூப்பிடுகிறவளை ஆலையில் "மேடம்" என்று கூப்பிட வேண்டிய நிலைமை மூக்கரசிக்கு.

"அண்ணி, மூக்கு நெஜமாவே சரியாயிடுச்சா?" என்று காலையில் படியேறும்போதே கேட்டாள் நாத்தனார்.

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு."

"எங்கண்ணன் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"உங்கண்ணன் தலையில இருக்கிறதே நாலு முடி. அதையும் நான் அடிச்சு உதிர்க்கணுமா?"

நாத்தனார் சிரித்தாள். சிரித்துவிட்டு, "இன்னைக்கு ஒழுங்கா பண்ணிட்டீங்கன்னா திங்கக்கிழமை பழைய நாற்காலி. சொதப்பினா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் அண்ணன்கிட்ட போய் அழக் கூடாது," என்றாள்.

உண்மை என்னவென்றால் மூக்கு சரியாகவில்லை. ஆனால் போகவும் இல்லை. தெரு மாறிக் குடியேறியிருந்தது. மூக்கின் நரம்புகள் ஒரு முறை செத்துப் பிழைத்தால், திரும்ப முளைக்கும்போது சில பழைய இடத்தைத் தவறவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். அப்புறம் காபியை மோந்தால் கருகிய ரப்பர் வரும். வெனிலாவை மோந்தால் வெள்ளரிக்காய். சாக்லேட்டை மோந்தால் புதுசாக அடித்த பெயின்ட். நேர்மாறான அதிசயமும் உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் வாசலைத் திறந்தாள்; அப்படி ஒரு சாக்லேட் மணம்! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குனிந்து பார்த்தால், மழையில் ஊறிப்போன ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே பக்கத்து வீட்டுக்காரர் வரவழைத்த செருப்பு.

அன்றைக்குத்தான் யோசனை வந்தது. தப்பாக வந்தாலும் தினமும் ஒரே மாதிரி தப்பாகத்தானே வருகிறது? அப்படியானால் அது ஒரு பாஷை. கற்றுக்கொண்டால் போயிற்று. எட்டு மாதம் வீட்டுக்காரர் அவள் கண்ணைக் கட்டிவிட்டுக் கிண்ணம் கிண்ணமாக நீட்டினார். வந்த வாசனை ஒரு பக்கம், இருந்த பொருள் மறு பக்கம் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். ரப்பர் என்றால் காபி. வெள்ளரி என்றால் வெனிலா. பெயின்ட் என்றால் சாக்லேட். சாக்லேட் என்றால் நனைந்த அட்டை. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்ததும், நாத்தனாரிடம் "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டாள்.

முதல் கோப்பை வந்தது. சீட்டில் 'காபி புட்டிங்' என்றிருந்தது. மூடியை விலக்கினாள். ரப்பர். மனசுக்குள் புரட்டிக் காபி என்று படித்து, முப்பத்தைந்து போட்டாள், ஐம்பதுக்கு. இரண்டாவது, 'வெனிலா கஸ்டர்ட்'. வெள்ளரித் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் மேசையின் மூன்றாவது ஆள். அவர் கேக் மாஸ்டர். பலகார வகை என்பதால் வெளியிலிருந்து அழைத்திருந்தார்கள். "வெனிலாவே இவ்வளவு தித்திப்பா?"

பேசக் கூடாது என்பது விதி. ஆறும் முடிந்து மார்க் எழுதிய பிறகுதான் பீரைப் பற்றி வாய் திறக்கலாம். முகம்கூட மாறக் கூடாது. ஆனால் இது பொதுக் கேள்வி என்று நாத்தனார் விட்டுவிட்டாள்.

"வெனிலாவுல இனிப்பே கெடையாது, மாஸ்டர்," என்றாள் மூக்கரசி. இந்த மாதிரி கேள்வி கேட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "தனியா நாக்குல வெச்சா கசக்கும். நாம சின்ன வயசுலேருந்து கேக்லயும் ஐஸ்கிரீம்லயும் அதை மோந்து மோந்து, மூக்கு மோந்ததுமே நாக்கு நம்பிடுது. இதுல இருக்கிற தித்திப்பு பால் சர்க்கரை. ஈஸ்ட் எல்லா சர்க்கரையையும் தின்னுடும். பால் சர்க்கரையை மட்டும் அதால தின்ன முடியாது. தொடாம விட்டுடும். அது நமக்கு."

"முப்பது வருஷமா வெனிலாவை ஊத்திட்டிருக்கேன். என் நாக்கை நானே ஏமாத்தியிருக்கேனா!"

"உங்க தொப்பையும் சேர்ந்து ஏமாந்திருக்கு. போதும், அடுத்தது," என்றாள் நாத்தனார்.

பீரை வாயில் வைத்துத் துப்ப முடியாது. கசப்பு முழுசாகத் தெரிவது தொண்டைக்குப் பக்கத்தில். விழுங்கினால்தான் அது கதவைத் திறக்கும். அதனால் மூன்றாவது கோப்பைக்கெல்லாம் தலைக்குள் ஒரு மெல்லிய ஊஞ்சல் ஆடத் தொடங்கும். ரொட்டியைக் கடித்து, தண்ணீர் குடித்து, மூக்கரசி மூடியை விலக்கினாள். 'சாக்லேட் கேக்'. பெயின்ட், அப்படியே புது வீடு. இவ்வளவு தெளிவான சாக்லேட்டை இத்தனை மாதத்தில் பார்த்ததில்லை என்று நினைத்து நாற்பத்தொன்று போட்டாள். நாலாவது, வேர்க்கடலை பிஸ்கட். வேர்க்கடலை மட்டும் அவளைக் கைவிட்டதே இல்லை, வேர்க்கடலையாகவே வரும். முப்பத்து மூன்று.

ஐந்தாவது கோப்பையின் சீட்டிலும் 'சாக்லேட்'தான். 'சாக்லேட் புட்டிங்'. மோந்தாள். சாக்லேட்.

பென்சில் தானாக எழுதியது: 'நனைந்த அட்டை. பாட்டிலுக்குள் காற்று போய்ப் பழசாகிவிட்டது. பத்தொன்பது.'

எழுதிவிட்டு நிமிர்ந்தாள். நாத்தனார் முகம் விதிப்படி கல்லாக இருந்தது. கேக் மாஸ்டருக்கு விதி தெரிந்தாலும் முகத்துக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூங்கும் குழந்தை வாயைச் சப்புகிற மாதிரி சப்பிக்கொண்டிருந்தார். பழசாகிப்போன பீருக்கு யாரும் அப்படிச் சப்ப மாட்டார்கள்.

மூக்கரசி மூடியை விலக்கினாள். மறுபடி மோந்தாள். சாக்லேட். வாசலில் அன்று வந்த மணத்தைவிட இது தடிமன். நடுவில் கொஞ்சம் கசப்பு, ஓரத்தில் பால். அட்டைப் பெட்டிக்கு ஓரத்தில் பால் எப்படி வரும்?

சோதித்துப் பார்க்க வழி கையருகிலேயே இருந்தது. கோப்பைக்கு அடியில் போட்டிருந்த வட்ட அட்டையை எடுத்தாள். கூஜாவிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, நன்றாகத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள். அவள் பாஷைப்படி அது சாக்லேட்டாக இருக்க வேண்டும்.

நனைந்த அட்டை, நனைந்த அட்டையாகவே மணத்தது.

அதற்குப் பிறகு கூடம் மெல்ல மெல்ல அவளிடம் வந்தது. முதலில் மேசை விரிப்பின் வெள்ளைத் தாள், பிறகு சீவிய பென்சிலின் மரம். எங்கேயோ தரை துடைத்த சோப்பு, அதற்குப் பின்னால் கேக் மாஸ்டரின் சட்டையில் தங்கிப்போன வெண்ணெய். ஒரு ஜன்னல் விரல் அகலம் திறந்திருந்தது போல. அது வழியாக மழை உள்ளே வந்து ஒவ்வொரு மேசையாக நின்று நின்று நடந்தது. ஒன்றுக்கும் அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தது. தண்ணீருக்கு அடியில் ரொம்ப நாள் இருந்துவிட்டுத் தலையை வெளியே நீட்டியவள் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமோ.

பிறகு மூன்றாவது கோப்பையின் ஞாபகம் வந்தது.

கடைசி மூன்று கோப்பைகளை எடுத்துப் போக மாட்டார்கள். ஒரு விரல் உயரத்துக்கு அது மிச்சம் இருந்தது. மோந்தாள். பெயின்ட். அதாவது, பெயின்டேதான். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் வருகிற குறை. சுவை அறையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குத்தான் அவள் நாற்பத்தொன்று போட்டு, 'அருமையான சாக்லேட்' என்று கீழே கோடும் இழுத்திருந்தாள்.

அழிப்பான் பக்கத்திலேயே கிடந்தது. மூன்றையும் ஐந்தையும் அழித்து எழுதினால் வேலை முடிந்தது. யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை பழைய நாற்காலி. இந்த முறை நிஜமான மூக்கோடு. அழிப்பானை எடுத்துத் தாளில் வைத்தும்விட்டாள்.

ஆனால் ஒன்றும் இரண்டும்? அந்தக் கோப்பைகள் போய்விட்டன. மூக்கு எப்போது திரும்பியது? முதல் கோப்பைக்கு முன்பே திரும்பியிருந்தால், அந்த ரப்பர் நிஜ ரப்பர்; செத்த ஈஸ்ட்டின் மேலேயே பீரை ரொம்ப நாள் கிடக்கவிட்டால் வருகிற நாற்றம். அதைக் காபி என்று எழுதி முப்பத்தைந்து கொடுத்திருக்கிறாள். புதுப் பாட்டில் திறந்தால்தான் தெரியும். திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அழிப்பானைக் கீழே வைத்தாள்.

"மேடம்."

"பேசக் கூடாது, அண்ணி. இன்னும் ஒண்ணு பாக்கி."

"ஒண்ணையும் ரெண்டையும் புதுசா திறக்கணும். நான் போட்ட மார்க் தப்பா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

சொன்னாள். காய்ச்சலில் தொடங்கி, நோட்டு, கிண்ணம், செருப்புப் பெட்டி வரை எதையும் விடாமல் சொன்னாள். பாதி தூரம் போனதும் அவளையறியாமல் நரம்பு எப்படி முளைக்கும் என்று கையால் காட்டி விளக்கவும் தொடங்கிவிட்டாள். கேக் மாஸ்டர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் பென்சிலைத் தாளுக்கு இணையாக வைத்தாள். மறுபடி எடுத்து, மறுபடி இணையாக வைத்தாள்.

"எட்டு மாசம்," என்றாள். "எங்கண்ணனும் கூட்டு."

"அவரைத் திட்டாத. நான்தான்..."

"அவனை வீட்ல வெச்சுக்கறேன்." ஊற்றிக் கொடுப்பவளைக் கூப்பிட்டு, "ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் அடுத்த பாட்டிலைத் திறங்க," என்றாள். ஒவ்வொரு பீரும் இரண்டு பாட்டிலாக வருவதே இப்படிப்பட்ட சந்தேகத்துக்குத்தான்.

கோப்பைகள் வந்தன. நாத்தனார் இரண்டையும் அவள் பக்கம் தள்ளினாள். "மோந்து சொல்லுங்க."

ஒன்று, காபி. ரப்பர் துளிகூட இல்லை. இரண்டு, வெனிலா. அவள் நுழைந்து வந்த அந்த வெள்ளரித் தோட்டம் இருந்த இடமே தெரியவில்லை. ஆக, இரண்டாம் கோப்பைக்கும் மூன்றாம் கோப்பைக்கும் நடுவில். ஒரு கடி ரொட்டியும் ஒரு மடக்குத் தண்ணீரும் இறங்கிய அந்த இடைவெளியில்.

"அடேங்கப்பா," என்றார் கேக் மாஸ்டர், அந்த ரொட்டித் தட்டை மரியாதையோடு பார்த்து.

"முதல் ரெண்டும் நீங்க போட்டது சரி," என்றாள் நாத்தனார். "மூணும் அஞ்சும் தலைகீழ். நாலு எப்படியும் வேர்க்கடலைதான். சரியா?"

"சரி."

நாத்தனார் அவளுடைய ஐந்து தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து, நேராக்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். "ரெண்டு பேர் மார்க் இருந்தா மேசை செல்லும். நீங்க எழுந்திருக்கணும், அண்ணி."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை லேபிள்." கோடு இழுத்த தாள்களை ஓரமாக வைத்தாள். "அடுத்த மாசக் கடைசியில ஒரு நாள் நானே கிண்ணம் வெக்கறேன். கண்ணைக் கட்டி. அதுல பாஸ் ஆனா பாக்கலாம். அது வரைக்கும் நாற்காலியும் இல்ல, மேடமும் இல்ல."

"அப்ப இன்னைக்கு ஏய்னே கூப்பிடலாமா?"

"போங்க, சொல்லிட்டேன்," என்றாள் நாத்தனார், முகம் விதியை மீறிவிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மூக்கரசி எழுந்தாள். எழுந்தவளிடம் நாத்தனார் ஐந்தாவது கோப்பையை எடுத்து நீட்டினாள். "இதை எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு இனிமே மார்க் போடுற வேலை இல்ல."

ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி இருந்தது. அங்கே உட்கார்ந்து கோப்பையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஸ்டவுட் குளிராக இருக்கும்போது பாதியைத்தான் சொல்லும். கைச் சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக விடும். முதலில் வந்த சாக்லேட் கொஞ்சம் விலகி நின்றது. பின்னாலிருந்து வறுத்த பார்லி வந்தது, அதற்கும் பின்னால் கருக்கிய சர்க்கரை. இன்னும் ஏதோ ஒன்று வருவதற்கு யோசித்துக்கொண்டிருந்தது.

மேசையிலிருந்து கேக் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி அவளிடம் மெல்லக் கேட்டார். "அஞ்சுல சாக்லேட்டுக்கு அடியில ஒண்ணு வருதே, அது என்ன மேடம்?"

"பேசக் கூடாது," என்றாள் நாத்தனார்.

மூக்கரசி உடனே மறுபடி மூடியை விலக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று காத்திருந்தாள்.