கழுத்துத் துளையும் ஐந்தாவது ஸ்க்ரூவும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததே என் போன் கெட்டுப்போனதால்தான். அதனால்தான் பேனாவில் எழுதுகிறேன். அக்கா வீட்டுக்காரர் செல்போன் ரிப்பேர் செய்பவர். என் போனைப் பிரித்து, சரிசெய்து, திரும்ப மூடும்போது கடைசி ஸ்க்ரூவை, அதாவது ஐந்தாவதை, கீழே போட்டார். எடுத்தார். மறுபடி விழுந்தது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன.

"கை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் மாப்ள?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

2.

முதல் தொடக்கம்: இருபது வருடம் குனிந்தே கிடந்த ஒரு கழுத்தின் மௌனமான… (சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

டாக்டர் சொன்னதையே எழுதுகிறேன். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கிற டிஸ்க் பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. மாத்திரை, பயிற்சி, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இனி சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த குழாயை விட்டு, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். ஆள் முழித்திருப்பார்.

"விரல் பழையபடி வருமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"வலி குறையும்மா. விரலைப் பத்தி இப்பவே சத்தியம் பண்ண முடியாது."

3.

[ஆபரேஷன் அறை. நான் உள்ளே இல்லை. நர்ஸ் சொன்னது.*]

மாமா படுத்தபடியே திரையைப் பார்க்கிறார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"டாக்டர், முதல்ல பேட்டரியைக் கழட்டிடுங்க. அப்புறம் கை வைங்க."

"உங்க பேட்டரி நெஞ்சுக்குள்ள ஓடிட்டிருக்கு. அதைக் கழட்டினா ஆளே காலி. அசையாம இருங்க."

குழாய் உள்ளே போகிறது.

"அந்த வெள்ளை ஒயரை மட்டும் தொட்டுடாதீங்க. போர்டே போயிடும்."

"அது நரம்பு!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

*நானும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

4.

முடிவு அ: விரல் பழையபடி வரவில்லை. கடையை ஒருநாள்… (அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இப்படி எழுதினேன்னா உனக்கு இந்த வீட்ல சோறு கிடையாது!" கண் கலங்கியிருந்தது. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மறுநாளே விரல் துள்ளி… (புளுகு. டாக்டரே நம்பமாட்டார்.)

5.

நடந்தது இதுதான். ஆறு வாரம் கழித்து இன்று காலை மாமா முதல்முறையாகக் கடைக்குக் கிளம்பினார். "யாரும் கூட வராதீங்க. மாப்ள போனை முடிச்சா அதுலேயே கூப்பிடுவேன். கூப்பிடலைன்னா, வீட்டுக்கு வந்ததும் ஒண்ணும் கேக்காதீங்க."

கடைசி ஸ்க்ரூ ஏறாமல் எந்தப் போனையும் அவர் ஆன் செய்ததில்லை. பிடிவாதக்காரர்.

அக்காவின் போனை நடுவில் வைத்து உட்கார்ந்திருக்கிறோம். மதியம் தாண்டிவிட்டது. ஒரு ராங் நம்பர் வந்தது. அந்த ஆளை அக்கா திட்டிய திட்டு எழுதுகிற மாதிரி இல்லை.

இதோ, மறுபடி அடிக்கிறது. திரையில் 'தம்பி' என்று வருகிறது. தம்பி நானோ இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா எடுக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். என் கையிலிருந்தும் பேனா விழுந்துவிட்டது. (எடுத்துவிட்டேன்.)

உங்கள் கை நன்றாகத்தானே இருக்கிறது? கட் ஆவதற்குள் நீங்களாவது எடுத்துப் பேசுங்களேன்.