யானைக்கு எஸ்ச்சூ

1
சரி, அந்த யானைக்கு வருவோம். அருள்புரம் பேக்கரியில் பன் தின்றுகொண்டே, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சிநேகிதி நதியா சொன்ன கதை இது. முதலில் இப்படித் தொடங்கினேன்: '2006-இல் ஒரு யானை ஷூ மாட்டிக்கொண்டு பல்லடம் ரோட்டில்...' வேண்டாம். யானை பனியனில் அச்சடித்த படமாகத்தான் இருந்தது.

2
இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லி, பீஸ்களில் பழுது பார்க்கும் செக்கிங் மேசையிலிருந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நாற்காலிக்கு நதியா வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆபீஸ் பெண், யானை டிசைன் பற்றி வந்த மெயிலைப் போனில் படித்தாள்: "எஸ்ச்சூ த எலிஃபன்ட்."

நதியா குறித்துக்கொண்டாள்: எஸ் சைஸ், ஷூ, யானை.

"எஸ் சைஸு சின்னப் பசங்க போடறது அம்முணி, ஷூ கேக்கறது நாயந்தான்" என்றார் முதலாளி லிங்கசாமி.

பிரிண்டிங் மாஸ்டர் சின்னானுக்கு ஒரே சந்தேகம். "நாலு காலுக்குமுங்களா?"

"ஏப்பா, ரெண்டுக்குப் போட்டா நொண்டாதா?" என்றார் முதலாளி.

3
சாம்பிள் கூரியரில் போன பிறகுதான் மெயிலின் பிரதி வந்தது. நதியா டிக்‌ஷனரியைப் புரட்டினாள். எஸ்ச்சூ: தவிர், விலக்கு. யானையே வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

(இங்கே நதியா அழுதாள் என்று எழுதியிருந்தேன். "அழவெல்லாம் இல்ல, பசிச்சுச்சு" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"அதுக்கென்ன அம்முணி அர்த்தம்?" லிங்கசாமி எட்டிப் பார்த்தார்.

"ஷூ மாட்டுறது, சார்."

வாய் முந்திக்கொண்டது. மறுநாள் கோயில் வாசலில் லிங்கசாமி யாரிடமோ சொன்னாராம்: "உள்ள எஸ்ச்சூ பண்ணிட்டு வரக்கூடாதுங்க."

4
பையருக்கு அந்த ஷூ பிடித்துப்போனது. இருபதாயிரம் பீஸ் ஆர்டர். மெயிலின் கடைசி வரி: "டு நாட் எஸ்ச்சூ த ஷூஸ்." ஷூவை எடுத்துவிடாதீர்கள்.

இந்த முறை லிங்கசாமியே படித்துவிட்டார். "ஷூ மாட்ட வேண்டாங்கறாங்க. சின்னான், கழட்டீரு."

சின்னான் ஷூ அச்சடிக்கும் ஸ்கிரீனைக் கழுவி அழிக்கக் குழாயைத் திறந்தான். நதியா எழுந்து நின்றாள். சரியான அர்த்தத்தைச் சொன்னால் பழையது பொய்யாகும். மறுபடி செக்கிங் மேசைதான். சொல்லாவிட்டால் இருபதாயிரம் யானைகள் வெறுங்காலோடு கப்பலேறும்.

5
"அப்புறம்?" என்றேன்.

"நீயே எழுது" என்று மீதி பன்னை வாயில் போட்டுக்கொண்டாள்.

முதல் முடிவில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டு, செக்கிங் மேசையில் போய்... (எழுத மனசு வரவில்லை.)

இரண்டாவதில், "டு நாட்ங்கிறது மரியாதைக்குப் போடுறது சார், உங்க ஊரு 'ங்க' மாதிரி" என்கிறாள். லிங்கசாமி நம்பிவிடுகிறார். ஆனால் நாளைக்கே சரக்கை அனுப்பாதீர்கள், 'டு நாட் ஷிப்' என்று மெயில் வந்தால், அவர் மரியாதையாக அனுப்பிவிடுவாரே.

அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. சட்டென்று சொல்லுங்கள், அவள் இப்போது என்னதான் சொல்ல வேண்டும்?