பதினொன்றாம் பலகையின் விரிசல்

எங்கள் குல மண்டபத்து உத்தரத்துக்குக் கீழே இருபத்தொரு மரப்பலகைகள் இருக்கின்றன. விதை ஊறப்போடுவதில் தொடங்கி நெல்லைக் களஞ்சியத்தில் கொட்டுவது வரை, மொத்த விவசாயத்தையும் முந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ செதுக்கி வைத்தது. அவற்றைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க மறுநாள் அதிகாரிகள் வருவதாக இருந்தது. மண்டபத்துச் சாவி என்னிடம்தான். கூட்டிப் பெருக்குவதும் நானே.

பழுதுபார்க்க நகரத்திலிருந்து ரோங் வாத்தியார் வந்திருந்தார். மர வேலையில் கைதேர்ந்தவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று நான் தேநீரோடு போனபோது, ஏணியில் நின்று பதினொன்றாம் பலகையில் மரத்தூளும் பசையும் குழைத்த மக்கைப் பூசிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாத்தியாரே, கையை எடுங்க. என்ன பண்றீங்க?"

"விரிசல அடைக்கிறேன், சுயேமெய் அக்கா. பலகை பூரா கோடு கோடா வெடிச்சிருக்கு. இப்படியே விட்டா நாளைக்கு வர்றவங்க இதைக் கழிச்சிருவாங்க."

"வெடிச்சது மரம் இல்ல. வயலு."

அவர் சிரித்தார். "நெல்லு வயல் வெடிச்சா அதுக்குப் பேரு வறட்சி. இந்தப் பட வரிசையில வறட்சியே கிடையாது. முப்பது வருஷமா இதத்தான் படிக்கிறேன்."

"படிச்சீங்க, சரி. என்னைக்காவது நட்டீங்களா?"

இறங்கச் சொல்லி, மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் என் வயலுக்கு இழுத்துப் போனேன். இரண்டாம் களை எடுத்ததும் வடிகால் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவோம். நான் வடித்து ஐந்து நாளாகியிருந்தது. பச்சைப் பயிருக்கு நடுவே தரை மயிரிழையாக வெடித்துக் கிடந்தது.

"மிதிங்க" என்றேன்.

தன் தோல் செருப்பைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். கால் புதையவில்லை.

"இப்படிக் காயவிட்டாத்தான் வேர் கீழ இறங்கும். இல்லேன்னா கதிர் முத்துற நேரத்துல ஒரு காத்துக்கே சாஞ்சிரும்."

அவர் குந்தி உட்கார்ந்தார். "நூல் நூலா வெள்ளையா இருக்கே, இது என்ன?"

"புது வேரு. காஞ்சதும் மேல எட்டிப் பாக்கும்."

அவர் முகம் மாறியது. "பலகையில இதே மாதிரி நூல் நூலா இருக்கறத நான் பூச்சி அரிச்ச தடம்னு எழுதி வெச்சிருக்கேன்."

"அடிச்சிருங்க."

மாலை வரை மூங்கில் சிலாகையால் மக்கைச் சுரண்டி எடுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவற்றின் மேல் ஒரு காலை ஊன்றி, புதைகிறதா என்று பார்க்கிறான் படத்து மனிதன். செதுக்கியவன் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் எங்கள் வயலில் இறங்கி நின்றவன், எங்கள் ஊர்க்காரன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வந்த அதிகாரி அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "பதினொண்ணுல விரிசல் இருக்கே?"

ரோங் வாத்தியார் படிவத்தை நீட்டினார். அதில் எழுதியிருந்தது: 'விரிசல்: உண்டு. செதுக்கியவர் செய்தது. அடைக்கக் கூடாது. விவரம் சொன்னவர்: விவசாயி சியு சுயேமெய்.'

"வயலா இப்படி வெடிக்கும்?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

அன்று காலையே தண்ணீர் பாய்ச்சியிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்காகத்தான் வாய்க்கால் மடையைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

"வாங்க, காட்டுறேன்" என்றேன்.