மாலை நேரத்து விலை

அந்தச் சலவைக் கடையில் எட்டு வாஷிங் மெஷின்களும் மூன்று டிரையர்களும் இருந்தன. வேலை முடிந்து திரும்புகிறவர்கள் துணி மூட்டையோடு நேராக அங்கே வருவார்கள். டோக்கன் வாங்கித் துணியைப் போட்டு மூடியை அழுத்திவிட்டால், அது சுற்றி முடிக்கும்வரை வேறு வேலை கிடையாது. சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். கடைக்காரருக்கு அந்தப் பேச்சில்தான் உயிர். காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டே கதவைத் திறக்கிற மனுஷன், சாயங்காலம் ஆனால் புது மாப்பிள்ளை மாதிரி தலையைச் சீவிக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிடுவார்.

தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் நகரப் பேருந்து ஓட்டுகிற டிரைவர். இன்னொருவர் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸம்மா. மூன்றாவது ஆள் பூட்டு ரிப்பேர் செய்பவர். யார் எதைச் சொன்னாலும் “அது எப்படி?” என்று ஆரம்பிப்பதால் அவருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர் விழுந்திருந்தது. ஆட்சி மாறினாலும் அவர் மட்டும் கட்சி மாறவில்லை.

கடைக்கு மேலே மாடியில் வீடு. கடைக்காரரின் மனைவிக்கு மின்சார ஆபீஸில், புகார் வாங்கும் கவுண்டரில் வேலை. அவள் சம்பளமும் இவர் கடையும் சேர்ந்துதான் குடும்பம் இத்தனை வருஷமாக நன்றாக ஓடியது. இருவருக்கும் பெரிய சண்டை என்று வந்ததில்லை, அந்த அறிவிப்பு வரும்வரை.

அடுத்த மாதம் முதல் சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை மின்சாரத்துக்குக் கூடுதல் விலை, மற்ற நேரத்தில் கொஞ்சம் குறைவு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எல்லாரும் விளக்கையும் ஏசியையும் ஒரே நேரத்தில் போடுவதால் தாங்க முடியவில்லையாம். முடிந்தவர்கள் வேலையை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் பெஞ்சு அதிர்ந்தது.

“நான் எப்ப அழுக்குத் துணி தொவைக்கணும்னு மந்திரியா வந்து சொல்றது?” என்று எதிர்க்கட்சி எழுந்தே நின்றுவிட்டார். “இன்னைக்குத் துணி. நாளைக்கு, எப்ப குளிக்கணும்னு சொல்லுவாங்க. அப்புறம் எப்ப தூங்கணும், எந்தப் பக்கம் புரண்டு படுக்கணும்னு ஆள் அனுப்புவாங்க.”

“தொவைக்காதேன்னு யாரும் சொல்லலியே அண்ணே,” என்றார் டிரைவர். “இந்த நேரத்துல தொவைச்சா காசு ஜாஸ்தின்னுதானே சொல்றாங்க. இஷ்டம் உங்களுது.”

“ரெண்டும் ஒண்ணுதான்யா. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா என்ன, பர்ஸைப் பிடிச்சு இழுத்தா என்ன? போறது நான்தானே!”

“சீட் பெல்ட் போடச் சொன்னப்ப நானும் இப்படித்தான் குதிச்சேன். வயிறு என்னுது, பெல்ட்டு உனக்கெதுக்குன்னு. அப்புறம் ஒருநாள் பிரேக் அடிச்சப்பதான் தெரிஞ்சது.”

“அது உயிர் சமாச்சாரம். இது பனியன் சமாச்சாரம்.”

நர்ஸம்மா அதுவரை டிரையரிலிருந்து எடுத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். “போன கோடையில ஒரு சாயங்காலம் எங்க வார்டுல கரண்ட் போயிடுச்சு,” என்றார். “ஜெனரேட்டர் கிளம்பறதுக்குள்ள எங்களுக்குப் பாதி உசுரு போயிடுச்சு. அதனால அந்த நேரத்துல கொஞ்சம் குறைச்சுக்கன்னு சொன்னா எனக்குக் கோபம் வரல. ஆனா ஒண்ணு. என் டூட்டி முடியறதே சாயங்காலம். மத்தியானம் தொவைச்சுக்கோன்னா நான் பேஷன்டை விட்டுட்டு வரவா? இதைப் போட்டவருக்கு வீட்டுல வேற யாரோ தொவைக்கிறாங்கபோல.”

கடைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போலக் கவுண்டரைத் தட்டினார். “எல்லாரும் கேட்டுக்கங்க. என் கடையில அந்தக் கதை நடக்காது. காலையில என்ன விலையோ அதே விலைதான் சாயங்காலமும். எவன் என்ன சொன்னாலும் சரி!”

எதிர்க்கட்சி வாழ்நாளில் முதல் தடவையாகக் கை தட்டினார். கை தட்டலுக்கு நடுவே கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஆபீஸ் பை. முகத்தில் நாள் முழுக்க நின்ற களைப்பு. பெஞ்சு சட்டென்று அடங்கிவிட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க,” என்றாள் அவள். “ஆபீஸ்ல காலையிலேர்ந்து இதையேதான் வாங்கிக் கட்டிட்டு வர்றேன். வீட்டு வாசல்லயும் கொஞ்சம் மிச்சம் இருந்தா கொடுத்துடுங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நான் உன்னைச் சொல்லல. அரசாங்கத்தைத்தான் சொன்னேன்.”

“கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. ‘உங்களைச் சொல்லலம்மா’ன்னுட்டு என் மூஞ்சியைப் பார்த்துத்தான் கத்தறாங்க.”

“சரி, உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லேன். அந்த விலை சரின்னு சொல்லு. கேட்டுக்கறேன்.”

“நான் சரின்னு எப்ப சொன்னேன்?”

கடைக்காரருக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. காலையிலிருந்தே மனசுக்குள் அவளோடு வாதாடி, அவள் இப்படிச் சொன்னால் தான் இப்படிச் சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தார். அவ்வளவும் வீணாகிவிட்டது.

“நேரத்தை மாத்திக்க முடிஞ்சவங்களுக்கு அது நல்ல விதி,” என்றாள் அவள். “முடியாதவங்களுக்கு அது அபராதம். நர்ஸம்மா மாதிரி ஆளுக்கு வேற வழி காட்டாம விலையை மட்டும் ஏத்தினா எப்படின்னு எங்க மேலதிகாரிகிட்டயே கேட்டேன். எழுதிக் குடும்மான்னாரு. குடுத்திருக்கேன்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? கீழ கவுண்டரைத் தட்டிட்டு இருந்தீங்க.”

ஒரே விலை என்று அறிவித்தது பெஞ்சில் பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. புது விலை வந்த பிறகு சாயங்காலம் மெஷின்கள் எட்டும் ஓடும்போது மீட்டரும் சேர்ந்து ஓடியது. பகலெல்லாம் மலிவான கரண்டு சும்மா கிடந்தது, மெஷின்களும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நின்றன. பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் ‘இங்கே விலை ஏறலையாமே’ என்று மூட்டையோடு வந்தார்கள். கூட்டம் கூடக் கூட நஷ்டமும் கூடியது. பில் வந்த அன்று கடைக்காரர் அதை வாசித்துவிட்டு மடித்தார், மறுபடி பிரித்து வாசித்தார், தண்ணீர் குடித்தார்.

வேறு வழியில்லை. சாயங்காலம் ஒரு விலை, பகலில் குறைந்த விலை என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். ஆணி அடிக்கும்போதே அவருக்குக் கை கூசியது.

“வாங்க மந்திரி!” என்றார் எதிர்க்கட்சி அன்று சாயங்காலம். “பதவிப் பிரமாணம் எப்ப எடுத்தீங்க?”

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நர்ஸம்மா அட்டையைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூடுதல் காசை எடுத்து வைத்தார். கிண்டலைவிட அதுதான் கடைக்காரரைக் குத்தியது.

மறுநாள் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி வருவாள். அழகு நிலையத்தில் வேலை. பிள்ளைகள் இரண்டும் மண்ணில் புரண்டு வளர்ந்துகொண்டிருந்ததால் அவளுடைய மூட்டைதான் இருப்பதிலேயே பெரியது. அவள் அட்டையைப் பார்த்ததும் மூட்டையைக் கவுண்டர்மேல் பொத்தென்று வைத்தாள்.

“நான் எப்ப துணி தொவைக்கணும்னு சொல்ல நீங்க யாரு?”

கடைக்காரருக்குத் தன் குரலையே யாரோ திருப்பி வீசியதுபோல் இருந்தது. “நான் சொல்லலம்மா. கரண்ட் விலை…”

“கரண்ட் விலை ஏறினா அதை என் தலையிலயா கட்டுவீங்க? பகல்ல வரணுமாம்! பகல்ல வந்தா என் வேலையை நீங்க வந்து பாப்பீங்களா? முடி வெட்டத் தெரியுமா உங்களுக்கு?”

“இஷ்டமிருந்தா போடுங்க, இல்லேன்னா விடுங்க!” என்று கடைக்காரர் கத்திவிட்டார். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மெஷின் கண்ணாடிக்குள் சுற்றுகிற துணியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் மனைவிக்கு விடுமுறை. கடைக்காரர் நடந்ததை அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். ‘முடி வெட்டத் தெரியுமா’ என்ற இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சிரிக்காதே. ஒரு ஆளுக்கே எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நீ நாளெல்லாம் எப்படித்தான் தாங்கறே?”

இத்தனை வருஷத்தில் இதை அவர் கேட்டது அதுதான் முதல் முறை. அவளுக்கும் அது தெரிந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“முதல் அஞ்சு நிமிஷம் கோபம்தான் பேசும். அதுக்குப் பதில் சொல்லக் கூடாது. சும்மா தலையாட்டணும். கோபம் பேசி முடிச்சப்புறம்தான் ஆள் பேச ஆரம்பிப்பாங்க. அப்பக் காதைத் தீட்டிக்கணும். தங்களுக்கு என்ன வேணும்னு அப்பத்தான் சொல்லுவாங்க. நீங்க நடுவுல கத்திட்டீங்க. அதனால அந்தப் பொண்ணு கடைசியில என்ன சொல்ல வந்துச்சுன்னே உங்களுக்குத் தெரியாமப் போச்சு.”

கடைக்காரர் அன்றே அழகு நிலையத்தைத் தேடிக்கொண்டு போனார். உள்ளே நான்கு பெண்கள் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இரட்டையரின் அம்மா கத்தரிக்கோலும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து நான் கத்தினது தப்பு,” என்றார் அவர். “நீங்க பாதியில விட்டுட்டு வந்துட்டீங்க. மீதியையும் திட்டிடுங்க, கேட்டுட்டுப் போறேன்.”

சாயம் பூசிய தலைகள் நான்கும் திரும்பின. அவள் முதலில் தயங்கினாள். பிறகு வஞ்சனையில்லாமல் திட்டினாள். விலைவாசி, வீட்டு வாடகை, ஊருக்குப் போய்த் திரும்பி வராத புருஷனின் தம்பி என்று எல்லாரும் அதில் அடிபட்டார்கள். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே நின்றார். கோபம் ஒருவழியாக ஓய்ந்தது. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“பகல்ல உங்க மெஷின் சும்மாதானே நிக்குது? காலையில வேலைக்கு வர்ற வழியில மூட்டையைப் போட்டுட்டு வந்தா நீங்களே தொவைச்சு வைக்கலாம்ல? சாயங்காலம் எடுத்துட்டுப் போறோம். என்னைப் பகல்ல வரச் சொல்றீங்களே, பகல்ல துணி மட்டும் வந்தாப் போதாதா?”

கடைக்காரர் தலையாட்டுவதை நிறுத்தினார். “போதும்மா,” என்றார். “அது போதும்.”

அடுத்த வாரத்திலிருந்து காலையில் மூட்டைகள் வரத் தொடங்கின. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் அடையாளமாகக் கட்டி வைக்க வண்ண நாடா வாங்கினார். வெள்ளைத் துணியையும் சாயம் போகிற துணியையும் சேர்த்துப் போட்டு டிரைவரின் சட்டைகளை ஒருமுறை ரோஸ் நிறமாக்கினார். டிரைவர் அதையே இரண்டு நாள் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். பயணிகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்களாம். வேலை கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது. பகலில் இப்போது கொட்டாவி விட நேரமில்லை. கட்டணம் எல்லாருக்கும் பழைய விலையைவிடச் சற்றே குறைந்தது. நர்ஸம்மா முதல் தடவை காசைக் கொடுத்துவிட்டு, மீதியை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

எதிர்க்கட்சி மட்டும் சம்மதிக்கவில்லை.

“என் உள்பனியனை இன்னொருத்தன் தொடறதா? அது என் அந்தரங்கம். அதுல நீயும் தலையிட முடியாது, அரசாங்கமும் தலையிட முடியாது. நான் சாயங்காலம்தான் தொவைப்பேன். எவ்வளவு கூடுதலோ அதை எடுத்துக்கோ.”

“நஷ்டமாச்சே அண்ணே?”

“என் காசு, என் நஷ்டம், என் இஷ்டம். இதுக்காகத்தானே இத்தனை நாள் கத்தினேன்!”

அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எல்லாருக்கும் பட்டது. எட்டு மெஷின்களில் ஒன்று மட்டும் சாயங்காலம் அவருக்காக ஓடியது. அவர் அதன் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குள் தன் பனியன் சுற்றுவதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி எடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டு உடனே போய்விடுவார்களோ என்று கடைக்காரருக்கு உள்ளூரப் பயம் இருந்தது. போகவில்லை. மெஷின் சத்தம் குறைந்துவிட்டதால் இப்போது கத்த வேண்டிய அவசியமில்லாமல் பேச முடிந்தது. பேச்சு முன்னைவிட நீண்டது. இரட்டையரின் அம்மாவும் பெஞ்சில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பிய மனைவி, மாடி ஏறப் போனவள், பையைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். நர்ஸம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றைய பேச்சு, பழைய பிரிட்ஜை மாற்றினால் அரசாங்கம் பணம் தருவது பற்றி.

“நல்லதுதானே, தர்றாங்க, வாங்கிக்க வேண்டியதுதான்,” என்றார் டிரைவர்.

“அது எப்படி?” என்றார் எதிர்க்கட்சி. “என் வீட்டு பிரிட்ஜுக்கு வயசாச்சா இல்லையான்னு நான்ல சொல்லணும்! அது எனக்குச் சொந்தக்காரன் மாதிரி.”

“உங்க சொந்தக்காரர் உறுமறது எங்க தெருவரைக்கும் கேக்குது,” என்றாள் மனைவி.

பெஞ்சு குலுங்கியது. எதிர்க்கட்சியே சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. “சரி, நீங்களே சொல்லுங்கம்மா. உள்ளே இருக்கறவங்க நீங்க. அரசாங்கம் நம்ம வீட்டு விஷயத்துல எதுவரைக்கும் வரலாம்?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கடைக்காரரும் கையில் மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்போடு நின்றுவிட்டார். இந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்று அவரால் இப்போது கொஞ்சமும் ஊகிக்க முடியவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அவள் எழுந்து வந்து விரிப்பின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“சொல்றேன். ஆனா கொஞ்சம் நேரம் ஆகும்,” என்றாள். “யாருக்கும் அவசரம் இல்லையே?”

யாருக்கும் இல்லை.