கூடை மணலைத் தொட்டால்

நாவலூர் கம்பெனி ஒன்றில் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. நேற்று ஒரு கட்டுரையில் ‘ஃபோர்ஸ்டால்’ என்ற வினைச்சொல் வந்தது. நடக்கப்போவதை முந்திக்கொண்டு தடுப்பது என்று பொருள். எங்கிருந்து வந்த சொல் என்று தேடிப் படித்தேன். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய இங்கிலாந்தில், சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே மடக்கி வாங்கி விலையை ஏற்றுவதற்கு இந்தப் பெயர்தானாம். அங்கே அது குற்றமாம்.

கோவளத்தில் மீன் வியாபாரி துளசிங்கம் செய்வதும் அதேதான்! எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன்கூடை மணலைத் தொட்டுவிட்டால் ஏலம் விட்டே ஆக வேண்டும். அதனால் அந்த ஆள், படகு தண்ணீரில் நிற்கும்போதே மொத்தமாகப் பேசி முடித்து, கூடையைக் கீழே வைக்காமல் வேனில் ஏற்றிவிடுகிறான். ஏலத்தில் எடுத்து, பஸ் ஏறி, சேலையூரில் விற்கும் என் அம்மா சரசு வெறுங்கூடையோடு திரும்புகிறாள். வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே போனால் அம்மாவுக்குத் தொழிலே இருக்காது.

இன்று விடிந்ததும் அம்மாவோடு கரைக்குப் போனேன். துளசிங்கத்திடம் நேராகப் போய் அந்தச் சொல்லையும் இங்கிலாந்துச் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“இன்னாம்மா சத்யா, இது கோவளம். லண்டன் போலீஸ இட்டுகினு வா, பேசலாம்.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் இன்னாடி?”

“ஆதியில, முன்னாடி போய் நிக்கிறதும்மா. அவ்ளோதான்.”

“அத்த அவன் மட்டும்தான் செய்யணுமா?”

சற்று நேரத்தில் துளசிங்கமும் அவன் வேன் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படகிலிருந்து வஞ்சிரம் நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே போய் நின்றாள். அவர்கள் இடப்பக்கம் விலகினால் அவளும் இடப்பக்கம் விலகினாள். மற்ற மீன்காரப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றேன்.

“வழிய வுடு சரசு! கனம் தாங்கல!”

“கனமா கீதுல்ல? எறக்கி வையேன்.”

டிரைவரின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. “அண்ணா, முடில...” என்றான். கூடை தொப்பென்று மணலில் இறங்கியது.

ஏலம் கூவும் யேசுதாசன் அண்ணன் கூடையைப் பார்த்தார். பிறகு துளசிங்கத்தைப் பார்த்தார்.

“மணல்ல பட்ட மீனு. வழக்கத்த மாத்த என்னால ஆவாதுப்பா.”

தொண்டையைச் செருமிக்கொண்டு கூவ ஆரம்பித்தார். முதல் விலை அம்மாதான் கேட்டாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. துளசிங்கம் எங்கள் வரிசையில் நின்று விலை கேட்க வேண்டியதாயிற்று.

சேலையூர் போகிற பஸ்ஸில், நிறைந்த கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா.

“நாளைக்கும் வருவாம்மா அவன்” என்றேன்.

“வரட்டுமே. அவன் வர்றதுக்கு முன்னாடியே நான் அங்க நின்னுகினு இருப்பேன்.”