மூன்று பற்சக்கரங்கள்

எங்கள் வீட்டுச் சோகேசில் இருக்கும் சாமான்கள் எவையும் பாவிப்பதற்கல்ல. தங்க விளிம்பு வைத்த ஆறு தேநீர்க் கோப்பைகள், பொலித்தீன் கழற்றாத சுவர் மணிக்கூடு, ரொறன்ரோ மாமி கொண்டுவந்த வாசனைச் சோப்புகள். எல்லாவற்றுக்கும் நடுவில், சுவாமிப் படத்துக்கு அடுத்த மரியாதையோடு, உடைக்காத பெட்டியில் ஒரு பிளேஸ்டேஷன். அம்மா கிழமையில் இரண்டு தரம் அந்தப் பெட்டியைத் துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படித் துடைத்து வைத்திருக்கும் வெளிநாட்டுச் சாமான்களை ஒன்றுசேர்த்தால் ஒரு கடையே போடலாம்.

பெட்டியை அனுப்பியவன் என் அண்ணன் பிரகலாதன். ஏழு வருடத்துக்கு முன் பாரிசில் இருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு சொல்லும் வந்தது: "நான் வந்துதான் உடைப்பன். ஒருத்தரும் தொடக்கூடாது." அவனுக்கு அங்கே இன்னும் வதிவிட அனுமதி கிடைக்கவில்லை. அது இல்லாமல் இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. அடுத்த திருவிழாவுக்கு வருவான், அதற்கடுத்த திருவிழாவுக்கு வருவான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் நிவேதனா. கணினியில் அசைபடம் செய்பவள். செய்பவள் என்பதைவிட, செய்வேன் என்று நான்கு வருடமாக அடம்பிடிப்பவள். யூடியூப் பார்த்துப் படித்ததை நம்பி யார் வேலை தருவார்கள்? ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொழும்பு நிறுவனம் ஒன்று பதில் போட்டது. வீட்டில் இருந்தே வேலை செய்யலாம், ஆனால் முதலில் ஒரு பரீட்சை. இருபது செக்கன் அசைபடம் ஒன்று, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள். மழை பெய்யும் கடலில் ஒரு வள்ளம் கரைக்கு வர வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையை மனதில் வைத்திருந்த ஒரு காட்சி என்னிடம் பாதி முடிந்தபடி இருந்தது. மிச்சத்தை மத்தியானத்துக்குள் முடித்தேன். இனி அதைக் கணினி ஒவ்வொரு படமாக வரைந்து தள்ள வேண்டும். இருபது செக்கனுக்கு அறுநூறு படங்கள். என் லப்டொப் ஒரு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம் கேட்டது. கணக்குப் பார்த்தால் பத்து நாளுக்கு மேல். அந்த லப்டொப்பை முற்றத்தில் எறியாமல் விட்டதற்கு ஒரே காரணம், வேறு ஒன்று என்னிடம் இல்லை என்பதுதான்.

அந்த ஆத்திரத்தோடு இணையத்தில் தோண்டியபோதுதான் அதை வாசித்தேன். பிளேஸ்டேஷனுக்குள் இருப்பதும் ஒரு கணினிதானாம். படம் வரைவதற்கென்றே பெரிய சில்லு, சிப் என்பார்களே, அது ஒன்று உள்ளே இருக்கிறதாம். விளையாட்டைத் தவிர வேறெதையும் செய்யவிடாமல் பூட்டி வைத்திருக்கிறார்களாம். பூட்டைத் திறந்து, லினக்ஸ் என்ற இலவசக் கணினி மென்பொருளை ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பெட்டி பழைய மென்பொருளோடு இருக்க வேண்டும். வாங்கிய அன்றே இணையத்தில் கொளுவிப் புதுப்பித்தவர்களுக்குக் கதவு அடைபட்டுவிட்டது. புதுப்பிக்காத ஒன்று எங்கேயாவது கிடைக்காதா என்று ஆட்கள் நாடு நாடாகத் தேடுகிறார்கள்.

நான் தலையை நிமிர்த்திச் சோகேசைப் பார்த்தேன். ஏழு வருடமாக உடைக்காத பெட்டி.

"அம்மா, உந்தப் பெட்டியை உடைக்க வேணும்."

"அவன் வந்து உடைப்பான்."

"எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ளை வேணும் அம்மா. வேலை விசயம்."

"இண்டைக்குச் செவ்வாய். செவ்வாய்க்கிழமை ஆரும் புதுச்சாமான் உடைக்கிறதே?" என்று அம்மா என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை செய்யும் உணவகத்தின் பின்பக்கம் நின்று கதைத்தான்; பின்னால் பாத்திரங்கள் விழும் சத்தம். விசயத்தைச் சொன்னேன்.

"உடை தங்கச்சி. நான் வர இன்னும் நாளாகும்."

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அம்மா கேட்டுவிட்டார். குசினிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அந்தப் பெட்டி உடைபடாமல் இருக்கும் வரைக்கும் அம்மாவின் மனதில் அண்ணன் வந்துகொண்டிருக்கிறான். ஏழு வருடமாக அம்மாவை நக்கலடித்தேனே என்று வெட்கமாக இருந்தது. வேண்டாம் அம்மா, விடுங்கோ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும்.

புதன் காலை நான் எழும்பி வந்தபோது பெட்டி மேசையில் இருந்தது. மேலே சந்தனப் பொட்டு. பக்கத்தில் காய்கறி வெட்டும் கத்தி.

"வெட்டு," என்றார் அம்மா. "வெள்ளிக்கிழமை எண்டால் இன்னும் மூண்டு நாள்தானே கிடக்கு."

ரிவியில் கொளுவிப் போட்டதும் அது முதலில் கேட்டது, இணையத்தில் சேரட்டுமா என்று. கை தவறினால் ஏழு வருடத் தவம் ஒரு நிமிடத்தில் போய்விடும். வேண்டாம் என்று அமத்தினேன். பிறகு மென்பொருளின் இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன். பழையது! அவர்கள் தேடித் திரிகிற அதே பழையது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திறக்கிற விதம் இதுதான். என் லப்டொப்பில் ஒரு பக்கத்தை வைத்து, அதைப் பிளேஸ்டேஷன் பார்க்கும்படி செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துக்குள் பூட்டைத் திறக்கும் சிறு நிரல் இருக்கும். சரிவந்தால் யூஎஸ்பியில் இருக்கும் லினக்ஸ் எழும்பும். சரிவராவிட்டால் பெட்டி உறைந்துபோகும், வயரைப் பிடுங்கி முதலில் இருந்து தொடங்க வேண்டும். பதின்மூன்று தரம் உறைந்தது. பதினாலாம் தரம் திரை கறுத்து, வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. பிறகு எங்கள் வீட்டு ரிவியில் ஒரு முழுக் கணினி வந்து நின்றது.

சந்தோசம் ஐந்து நிமிடம்தான். லினக்சில் படச் சில்லைச் சோதிக்க ஒரு சின்ன நிரல் உண்டு: சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்தபடி சுழலும். அவை சுழலவில்லை, தத்தின. எப்படி இருந்தது என்றால், மணலில் புதைந்த சைக்கிளை உழக்குவது போல இருந்தது. கணினி வந்துவிட்டது, ஆனால் படம் வரையும் சில்லு இன்னும் பூட்டுக்குள்ளேயே கிடந்தது.

"உதுக்கே இவ்வளவு பாடு?" என்றார் அம்மா.

வியாழன் முழுக்கத் தேடினேன். அந்தச் சில்லோடு பேசுவதற்கென்று யாரோ ஒருவர் நிரல் எழுதி வைத்திருந்தார். பேர்கூடப் போடவில்லை, ஒரு பட்டப்பெயர்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெளியே நின்று தட்டித் தட்டிக் கேட்டு, வருடக்கணக்காக, ஒரு சதம் வாங்காமல் எழுதியிருக்கிறார். என்னை மாதிரி ஒருத்திக்கு என்று நினைத்தா எழுதினார்? எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அதை ஏற்றி, பெட்டியை மறுபடி திறந்து, சக்கரங்களை வரச்சொன்னேன்.

சுழன்றன. தத்தல் இல்லை, தடக்கல் இல்லை. எண்ணெய் விட்டதுபோல வழுக்கிச் சுழன்றன. ஒவ்வொரு பல்லும் மற்றதன் இடுக்கில் இறங்கி ஏறுவது துல்லியமாகத் தெரிந்தது. வெறும் மூன்று சக்கரங்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், கண்ணால் நீர் ஓடியது. என் காட்சியைத் திறந்தேன். கொழும்புத்துறைக் கடல் ரிவி முழுக்க விரிந்தது. நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுக் கடலும் கூடவே திரும்பியது. மழைத்துளி ஒவ்வொன்றும் தண்ணீரில் தன் வட்டத்தைப் போட்டது.

அம்மா கையில் துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப உதெல்லாம் இவ்வளவு காலமும் உள்ளுக்குள்ளையே இருந்ததே, பிள்ளை?"

"ஓம் அம்மா."

"நான் வெளியாலை துடைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். இருபது மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஐந்தரைக்குத் தொடங்கிவிட்டேன். வெள்ளி காலை பத்து மணிக்கு நானூற்றுத் தொண்ணூற்றைந்து படங்கள் முடிந்திருந்தன. பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கரண்ட் நின்றது.

முடிந்த படங்கள் போகாது. ஆனால் திறந்த பூட்டு, கரண்ட் போனால் தானாகவே பூட்டிக்கொள்ளும். நான் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. அம்மா நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. பன்ரெண்டு மணி வரைக்கும் அது நிண்டு கிடக்கிறது நல்லதுதான்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கரண்ட் வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையே போதும்.

ஒன்பது தரம் உறைந்து, பத்தாம் தரம் திறந்தது. அதற்குப் பிறகு அம்மா ரிவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார். வயர்ப் பக்கம் ஒருவரையும் போகவிடவில்லை, பூனையைக்கூட. நாலரைக்குக் கடைசிப் படம் விழுந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க அனுப்பினேன். திங்கட்கிழமை என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்துச் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

அனுப்பியதும் அண்ணனுக்கு எடுத்து, தொலைபேசியை ரிவிப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். மழைக்குள்ளால் வள்ளம் வந்து, மணலில் ஏறி, ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

"கொழும்புத்துறையே உது?"

"ஓம் அண்ணை. உங்கடை பெட்டிதான் வரைஞ்சது."

"என்ரை பெட்டியோ? நான் உதிலை பந்தடிக்கத்தானே வாங்கினனான்," என்றான். "இன்னொருக்காப் போடு பாப்பம்."

இன்னொருக்காப் போட்டேன். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டி, தொலைபேசிக்கு நெருக்கமாக வாயைக் கொண்டுவந்தார்.

"தம்பி, நீ ஆறுதலா வா. அவசரப்படாதை. பெட்டி உடைச்சாச்சு, அது நல்லா இருக்கு."

வள்ளம் மூன்றாம் தரம் கரைக்கு வந்தது.

நான் பெட்டியை நிறுத்தி, துணியால் மூடப்போனேன். "மூடாதை, காத்துப் படட்டும்," என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் தேநீர் வந்தது, தங்க விளிம்பு வைத்த கோப்பையில். தூக்கிக் குடித்தேன். அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டு இன்னும் அப்படியே இருந்தது.